அலுமாரிச் சாவியும் அட்ரினலினும்: ஒரு குளவிக் கொட்டும் அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிய பயிற்சியும்

அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியவன் நான். "அனஃபிலக்ஸிஸ் வந்த பெரியவர் ஒருவருக்கு முதலில் கொடுக்க வேண்டிய மருந்து எது? எவ்வளவு? எங்கே?" அனஃபிலக்ஸிஸ் என்றால் உயிரையே பறிக்கக்கூடிய திடீர் ஒவ்வாமை. பதில்: அட்ரினலின், 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். மூன்று நாள் பட்டறையின் கடைசி நாள் பரீட்சையில் இப்படி எழுதிவிட்டு, சான்றிதழோடு ஹட்டன் பஸ் ஏறினேன். அதைக் கண்ணாடி போட்டு டிஸ்பென்சரிச் சுவரில் மாட்டியதும் நான்தான். எட்டு மாதம் கழித்து, அதே சுவருக்குக் கீழே நினைவு தப்பிய ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தபோது, என் கை எடுத்த முதல் மருந்து ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்.

படித்தது மறந்துபோனது என்று சொல்லிவிட்டால் கதை சுலபம். மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இடமும் ஆட்களும்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஏறிப் போகும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. நான்கு டிவிஷன், ஒரு டிஸ்பென்சரி. நான் தோட்ட வைத்திய உதவியாளர். சனங்களுக்கு "டொக்டர் ஐயா". எங்கள் தாத்தா காலத்தில் இந்த வேலையில் இருந்தவரை அப்போத்திக்கரி என்பார்கள். நான் டொக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது விட்டுவிட்டேன்.

தோட்டத்து வைத்தியம் ரொம்ப நாளாகவே இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கிற பிள்ளை. தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்து கொடுப்பதை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்தின் தலையில் வைத்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. அப்புறம் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. எங்களுடையது மாதிரி சின்ன டிஸ்பென்சரிகள் தோட்டத்தோடேயே நின்றுவிட்டன. ஆக எனக்குச் சம்பளம் கம்பனி, எங்கள் மருத்துவிச்சியான மிஸ்ஸிக்குச் சம்பளம் அரசாங்கம். பயிற்சியும் அதே வழியில்தான். மிஸ்ஸிக்குச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் மாதாந்தக் கூட்டம் உண்டு. எனக்கு எப்போதாவது ஒரு கடிதம் வரும்: பட்டறைக்குச் சமுகமளிக்கவும்.

மிஸ்ஸி என்று தோட்டமே கூப்பிடுவது எங்கள் பகுதியின் குடும்ப நல உத்தியோகத்தரை. கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். பதினெட்டு மாதப் பயிற்சி முடித்து, ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாமல் வந்தவர். இன்றைக்கு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) கிழவிகளோடு வம்பு பேசுகிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. இந்தக் கதையின் பின்பாதி அவருடையது.

அன்றைக்கு

ஏழாம் நம்பர் மலையில் ஒரு சவுக்கு மரத்துக் கூட்டைக் கழுகு கொத்திவிட்டது. காலை 9.40 இருக்கும். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒன்பது பெண்களுக்குக் கொட்டு விழுந்தது. பத்து நிமிடத்தில் கங்காணி போன் எடுத்தார்: "ஐயா, குளவி கொட்டிருச்சுங்க. ஆள்களக் கொண்டாறோம்." அவ்வளவுதான் தகவல். நானும் வேறொன்றும் கேட்கவில்லை. குளவிக் கொட்டு எங்களுக்குப் புதுசா என்ன.

ஒன்பது பேரில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கொட்டு என்று பார்த்தால் நான்குதான். மற்றவர்கள் சிலருக்கு இருபது, முப்பது. அதனால் அவர் தானே நடந்து வந்தார். மலையிலிருந்து ரோட்டுக்கு ஏற்றம். வழியில் ஒருமுறை வாந்தி. ரோட்டில் த்ரீவீலரில் மூன்று பேரோடு நெருக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். 10.15க்கு டிஸ்பென்சரி வாசலில் இறங்கி, "ஐயா, நான் செத்துருவேன் போல இருக்குங்க" என்றார். "ஒண்ணுமில்லக்கா, பயப்படாதீங்க, உக்காருங்க" என்றேன். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முகம் வீங்கி ஆளே அடையாளம் தெரியாமல் இருந்த இன்னொரு பிள்ளையிடம் போனேன்.

10.25க்குப் பெஞ்சிலிருந்து சரிந்தார். கை சில்லிட்டிருந்தது, நாடி பிடிபடவில்லை, பிரஷர் எடுத்தால் ஒன்றும் கேட்கவில்லை. சேலைன் போட்டேன், ஹைட்ரோகோர்ட்டிசோன் போட்டேன், ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பிரிட்டோன் போட்டேன். அதற்குப் பிறகுதான் அட்ரினலின் ஞாபகம் வந்தது. அது பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. சாவி தோட்டக் காரியாலயத்தில். அதற்கு முந்தின வருடம் கணக்குப் பார்க்க வந்தபோது இரண்டு அம்பூல் (ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பி) குறைந்ததால், இனிமேல் இந்த மாதிரி மருந்துகளைப் பூட்டி வைத்துச் சாவியை ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆள் அனுப்பினேன். சாவி வரும் முன்பே லொறி வந்துவிட்டது. ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் முதல் அட்ரினலின் போட்டபோது மணி 11.05. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று போட்டார்கள். சாயங்காலம் அவர் கண் திறந்து தேத்தண்ணி கேட்டாராம்.

கொட்டு விழுந்து 85 நிமிடம். பிரித்தானியாவில் அனஃபிலக்ஸிஸால் இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பூச்சிக் கொட்டில் இறந்தவர்களின் மூச்சோ இதயமோ நிற்க எடுத்த நேரம் நடுக்கணக்கில் 15 நிமிடம். எங்கள் அக்கா பிழைத்தது என் கெட்டித்தனத்தால் அல்ல.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து இளம் டொக்டரம்மா ஒருவர் போன் எடுத்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. ரிப்போர்ட் எழுதணும். அட்ரினலின் எத்தன மணிக்குக் குடுத்தீங்க?"

"குடுக்கலைங்க டொக்டர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. நான் அங்க வர்றேன், பேசலாம்."

ஏன் என்று கேட்டபோது

இந்த நாட்டில் ஒரு தாய் பிரசவத்திலோ அதையொட்டியோ இறந்தால் அது வெறும் மரணமாகப் போய்விடாது. மிஸ்ஸியின் வீட்டுத் தரிசிப்புப் புத்தகத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் சீட்டு வரை எல்லாம் எடுத்து, எங்கே நேரம் போனது என்று தேடுவார்கள். குடும்ப சுகாதாரப் பணியகம் தேசிய மட்டத்தில் அதை மறுபடி ஆராயும். யாரைத் தண்டிக்கலாம் என்பதல்ல, எது தவறிப்போனது என்பதுதான் கேள்வி. இலங்கையில் தாய் மரணம் குறைந்ததில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். எங்கள் அக்கா இறக்கவில்லை. ஆகவே எந்தப் பத்திரமும் நகராது. பிழைத்தவரைப் பற்றி விசாரிக்க யாருக்கும் கடமை இல்லை.

டொக்டரம்மா அந்தத் தாய் மரண ஆய்வின் முறையையே எடுத்துக்கொண்டார். தீர்மானிக்க எடுத்த தாமதம், வந்து சேர எடுத்த தாமதம், வந்த பிறகு வைத்தியம் கிடைக்க எடுத்த தாமதம். ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரி மேசையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்துக்கொண்டு, மிஸ்ஸி, கங்காணி, லொறி டிரைவர், நான் என்று ஐந்து பேர் உட்கார்ந்தோம். முதல் அரைமணி நேரம் எல்லோரும் என்னைக் காப்பாற்றவே பேசினார்கள். "ஐயா என்னங்க செய்வாரு, சாவி இல்லையே." கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் நானே சொன்னேன்: சாவி என் சட்டைப்பையில் இருந்திருந்தாலும் முதலில் ஹைட்ரோகோர்ட்டிசோனைத்தான் எடுத்திருப்பேன்.

ஏன்? நான் வேலை பழகியபோது எனக்குச் சொல்லித் தந்த பெரியவர் ஒருவர் அட்ரினலினைக் காட்டி, "இது கடைசி மருந்து தம்பி, கை தவறுனா இதயம் நின்னுரும்" என்றார். அவர் பயந்தது நாளத்தில் நேராக ஏற்றுவதற்கு. அது நியாயமான பயம். ஆனால் தசையில் போடும் அரை மில்லிலீட்டருக்கும் (அதாவது அந்த 0.5 மில்லிகிராமுக்கும்) அதே பயம் ஒட்டிக்கொண்டது. முப்பது வருடமாக என் கை பழகியது ஹைட்ரோகோர்ட்டிசோனும் பிரிட்டோனும். கை நடுங்காமல் போடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஹைட்ரோகோர்ட்டிசோன் வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும் என்பது எனக்குத் தெரியும். பிரித்தானிய உயிர்ப்பித்தல் சபை 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த இரண்டையும் முதல் சிகிச்சையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதுவும் பட்டறையில் சொன்னதுதான்.

டொக்டரம்மா ஓர் உள்ளூர் உதாரணம் சொன்னார். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது வரும் ஒவ்வாமையைத் தடுக்க எது உதவும் என்று இலங்கை வைத்தியசாலைகளிலேயே 1007 நோயாளிகளிடம் சோதித்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள். குறைந்த அளவு அட்ரினலின் முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்விளைவுகளை 43 சதவீதம் குறைத்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனாலும், பிரிட்டோன் வகையைச் சேர்ந்த புரோமெதசீனாலும் குறிப்பிடும்படி பயனில்லை. "நம்ம நாட்டு ஆள்கள்ட்ட செஞ்ச ஆய்வு ஐயா. லண்டன் கத இல்ல." நான் பயந்த மருந்துதான் வேலை செய்தது, நம்பிய மருந்து சும்மா இருந்தது. அட்ரினலின் பயம் எனக்கு விட்டது இந்தப் பேச்சில்தான். பட்டறையில் இல்லை.

அந்தப் பட்டறை பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்து மண்டபம். திரையில் ஆங்கிலம், விரிவுரை சிங்களத்தில், பக்கத்து நாற்காலி நண்பர் என் காதில் தமிழில். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை படம் மாறிக்கொண்டே இருந்தது. சொன்னதில் பிழையில்லை, சாப்பாடும் நன்றாக இருந்தது. ஆனால் மூன்று நாளில் ஒரு தடவைகூட யாரும் ஓர் அம்பூலை உடைக்கவில்லை. வேலைத்தளத்தில் அலுமாரி இருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேட்கவில்லை. கூட்டம் கூட்டிப் படிப்பிப்பதால் சுகாதாரப் பணியாளரின் நடைமுறை எவ்வளவு மாறும் என்று கொக்ரேன் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்: நடுக்கணக்கில் 6 சதவீதம் அளவுக்குத்தான். பரீட்சைப் புள்ளி வேறு கதை, அது நன்றாகவே ஏறும். என்னுடையது ஏறியதே.

மலையிலிருந்து ரோட்டுக்கு

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் எனக்குப் பெரிய அடி மருந்து விஷயத்தில் விழவில்லை, த்ரீவீலர் விஷயத்தில் விழுந்தது. அனஃபிலக்ஸிஸில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து, இரத்தம் கால்பக்கம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. அப்படிப்பட்டவரை நிமிர்த்தினால் இதயம் வெறுமையாக அடிக்கும். படுத்திருந்தவரை எழுப்பி உட்கார வைத்த சில நொடிகளில் உயிர் போன சம்பவங்கள் 2003இல் ஒரு மருத்துவ இதழில் வந்திருக்கின்றன. நாங்கள் என்ன செய்தோம்? ஏற்றத்தில் நடக்க விட்டோம். த்ரீவீலரில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். டிஸ்பென்சரி பெஞ்சிலும் உட்கார வைத்தோம்.

ஒருவர் வேலை செய்ய முடியாமல் போனால் முதலில் ரோட்டுக்கு ஏற்றி விடு என்பது தோட்டத்தில் நூறு வருடப் பழக்கம். கங்காணி அதைத்தான் செய்தார், அதுவும் அவசரமாக, நல்ல மனதோடு. ஆக மருந்துதான் மலைக்கு இறங்க வேண்டும், ஆள் ஏறக் கூடாது. இதைக் கண்டுபிடித்தவர் லொறி டிரைவர். "அப்ப டொக்டர் ஐயா கீழ வரணும்ல?" என்று சாதாரணமாகக் கேட்டார். பயிற்சி எனக்கும் மிஸ்ஸிக்கும் மட்டும் போதாது, கங்காணிக்கும் டிரைவருக்கும் வேண்டும் என்று தெரிந்தது அந்த ஒரு கேள்வியில்.

இருபது நிமிடம், மாதம் ஒருமுறை

மண்டபம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். டிஸ்பென்சரித் திண்ணையில், மாதத்தின் முதல் செவ்வாய், பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்த கையோடு இருபது நிமிடம். இதய உயிர்ப்பித்தல் மாதிரிக் கைவேலைகள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மங்கிவிடும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் வருடத்தில் மூன்று நாளைவிட மாதத்தில் இருபது நிமிடம் மேல் என்று டொக்டரம்மா வாதாடினார். நிர்வாகத்திடம் நான் போய், ஆளுக்கு இருபது நிமிடம் வேலை நேரத்தில் கேட்டேன். சம்மதித்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் அம்பூல். காலாவதியானவற்றில் ஒரு பெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி வாங்கி வந்தோம். நான் எத்தனையோ ஆயிரம் அம்பூல் உடைத்தவன். ஆனால் சுற்றி ஐந்து பேர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தும்போது முதல் அம்பூல் என் விரலிலேயே நொறுங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். கத்தச் சொன்னதே நான்தான். தசையில் போடப் பழக வாழைத்தண்டு. அதன் மேல் ஒரு பழைய சீலைத் துண்டு, அதற்கு மேல் படங்கு.

படங்குதான் எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத பாடம். கொழுந்தெடுக்கும் பெண் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தடிப்பான படங்கைக் கட்டியிருப்பாள், மழைக்கும் செடி கிழிக்காமலும். தொடையில் ஊசி போடு என்று எழுதியவர் காற்சட்டை போட்டவரை நினைத்து எழுதியிருப்பார். தசையில் தொடையில் போட்டால் சுமார் 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்ச அளவுக்கு வரும் மருந்து, தோலுக்குக் கீழ் போட்டால் அரைமணி நேரம் எடுக்கும் என்று 1998இல் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகத் தொடையை விட முடியாது. ஆனால் ஆம்பிளை ஆட்கள் நிற்கும் இடத்தில் படங்கை அவிழ்ப்பது யார்? இதை மிஸ்ஸிதான் தீர்த்தார். ஒவ்வொரு கொழுந்துக் கூட்டத்திலும் இரண்டு பெண்கள். கம்பளியைப் பிடித்து மறைப்பது ஒருவர் வேலை, முடிச்சை அவிழ்ப்பது மற்றவர் வேலை. மிஸ்ஸி அந்தப் பெண்களைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்தே பழக்கிவிட்டார். பத்து நொடி. அவிழாவிட்டால் கொழுந்துக் கத்தி.

அப்புறம் பேச்சு. கங்காணியின் போன் தகவல் "குளவி கொட்டிருச்சு" என்பதோடு நிற்கக் கூடாது. பட்டறைத் தாளில் மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று பட்டியல் இருந்தது. எங்கள் சனம் அப்படிப் பேசாது. மிஸ்ஸியும் பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) அக்காவும் லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுதி வந்தார்கள்: தொண்டை அடைக்குது, நாக்கு தடிக்குது, குரல் கம்முது, கண்ணு கட்டுது, வயிறு பிசையுது, தன்னையறியாம மூத்திரம் போயிருச்சு. அதில் ஒரு வரியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: "செத்துருவேன் போல இருக்கு." மருத்துவப் புத்தகங்களில் இது ஓர் அறிகுறி. சாவு நெருங்குவதாக நோயாளிக்கே தோன்றுவது. அதைத்தான் அன்றைக்கு அக்கா வாசலில் நின்று சொன்னார். நான் பயப்படாதீங்க என்றேன்.

இவற்றில் எது இருந்தாலும் போனில் முதல் வார்த்தை "சிவப்பு". அவ்வளவுதான் கங்காணி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஆளைப் படுக்க வைத்துக் காலைக் கொழுந்துக் கூடை மேல் தூக்கி வைப்பது. வாந்தி எடுத்தாலோ பிள்ளைத்தாச்சி என்றாலோ இடப்பக்கமாகச் சரிப்பது. மூச்சுத்தான் முட்டுகிறது என்றால் மட்டும் சாய்த்து உட்கார விடுவது. எழுப்பி நடக்க விடக் கூடாது. ஏற்றிப் போக த்ரீவீலர் வேண்டாம், படுக்க இடமுள்ள லொறி, அல்லது 1990 என்ற நம்பருக்கு அடித்து சுவசெரிய அம்பியூலன்ஸ்.

சாவிக்கு வழி மிக எளிதாக இருந்தது. பூட்டுக்குப் பதில் நம்பர் போட்ட காகித முத்திரை. சிவப்புப் பை ஒன்றில் நான்கு அம்பூல், ஊசிக்குழாய், அளவு எழுதிய அட்டை: பெரியவருக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேலும் 0.5 மில்லிலீட்டர், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை 0.3, அதற்குக் கீழே 0.15, ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. முத்திரை கிழிந்திருந்தால் யார், எப்போது என்று புத்தகத்தில் எழுத வேண்டும். கணக்குப் பார்ப்பவருக்கும் திருப்தி. இதை ஒரு வருடம் முன்பே யோசிக்க முடியாமல் போனது ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது மாதம் டிரைவர் வரவில்லை, நான்காவது மாதம் மழை. வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் "இது எங்க வேல இல்ல" என்று எழுந்து போனார். இன்னொரு தரம் பயிற்சியின் சூட்டில் நானே, கை வீக்கமும் வலியும் மட்டும் இருந்த ஒரு பையனுக்கு அட்ரினலின் போட்டுவிட்டேன். நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, அரைமணி நேரம் என்னைப் பார்த்து முழித்தான். பெரிய கேடில்லை. பயந்து பயந்து விட்டதற்கும் துணிந்து துணிந்து போடுவதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதற்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

நாங்கள் குளவி என்று சொல்வதெல்லாம் குளவியும் அல்ல. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகக் கட்டுவது மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. அது கொடுக்கை உடம்பிலேயே விட்டுப்போகும், கொடுக்கும் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தாலோ எதாலோ உடனே எடுக்க வேண்டும், எப்படி எடுப்பது என்று யோசிப்பதில்தான் நேரம் போகும். தெபரா என்ற குளவி கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். சுண்ணாம்பு இரண்டுக்கும் தடவுகிறார்கள். தடவட்டும், படுத்துக்கொண்டு தடவட்டும். ஒவ்வாமை இல்லாமலே விஷத்தின் அளவால் கெடுவது இன்னொரு பாதை. ஐம்பது, நூறு கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் வீட்டுக்கு விடுவதில்லை. மூத்திரம் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேத்தண்ணி) நிறத்தில் போனால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது தடவை

பதினொரு மாதம் கழித்து, மேல் டிவிஷனில். நான் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் பண்டாரவளை போயிருந்தேன். கங்காணியின் போன் மிஸ்ஸிக்குப் போனது: "சிவப்பு." மிஸ்ஸி பையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து லொறியில் கிளம்பினார். போகும் வழியிலேயே டொக்டரம்மாவுக்குப் போன். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு ஆஸ்பத்திரி டொக்டர் கையெழுத்திட்ட ஒரு பக்க அறிவுறுத்தல் உண்டு. மிஸ்ஸி இந்த ஊசியைப் போடலாமா என்று பல மாதமாகக் கேட்டும் எழுத்தில் பதில் வரவில்லை. ஆகவே போனிலேயே டொக்டரம்மா சொல்ல, மிஸ்ஸி திரும்பச் சொல்லி உறுதிப்படுத்தி, நேரத்தைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போட்டார். கொட்டு விழுந்து 24 நிமிடம்.

நோயாளி இருபத்தைந்து வயதுப் பிள்ளை. படுத்தே இருந்தாள், கூடை மேல் கால். கம்பளி பிடிக்க வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் அன்று வேலைக்கு வரவில்லை. முடிச்சு இறுகிவிட்டது. கொழுந்துக் கத்தியை யாரும் எடுக்கவில்லை, புதுப் படங்கு என்று அந்தப் பிள்ளையே கையைப் பிடித்துக்கொண்டாளாம். நினைவு மங்கிக்கொண்டிருந்த நேரத்திலும்! கடைசியில் மிஸ்ஸி முழங்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் கிடைத்த இடத்தில் போட்டார். ஐந்து நிமிடத்தில் நாடி வந்தது. இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் அன்று இரவு வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் அந்த 24ஐத்தான் பிரித்துப் பார்த்தோம். போன் வர ஆறு, லொறி கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்ததால் கிளம்ப ஏழு, பயணம் எட்டு, ஊசிக்கு மூன்று. லொறிக்காகக் காத்த ஏழு நிமிடம் பற்றி டிரைவரே பேசினார். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வேறு யாராவது எடுக்கலாமா என்று கேட்டார். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. படங்கை வெட்டினால் புதுசு யார் தருவது என்ற கேள்விக்குத் தலைவர், தலைவிமார் எல்லாம் கூடிப் பேசி, நலன்புரிச் சங்கக் காசில் ஐந்து படங்கு வாங்கி டிஸ்பென்சரியில் வைத்திருக்கிறோம். இப்போது கத்தி தயங்காது.

முதல் சம்பவத்து அக்கா இப்போது மலைக்குப் போவதில்லை, பிள்ளைக்காம்பராவில் உதவிக்கு நிற்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் வந்து கீழே படுத்துக்கொள்வார். நோயாளியாக நடிக்க அவரைவிடப் பொருத்தமானவர் யார். போன மாதம் நான் பக்கத்தில் போனதும் கண்ணை மூடிக்கொண்டே, "ஐயா, செத்துருவேன் போல இருக்குங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையைத் திறந்தேன்.

சிவப்புப் பையின் நான்கு அம்பூலில் இரண்டு வருகிற மாசியில் காலாவதியாகின்றன. புது அம்பூலுக்குக் கோரிக்கைக் கடிதம் போன வாரம் கொடுத்தேன். மிஸ்ஸிக்கு எழுத்து அனுமதி கேட்ட கடிதத்தின் நகலையும் அதோடு இணைத்திருக்கிறேன், மூன்றாவது தடவையாக.